கம்பி கட்டிய சவுக்கு

சவுக்கு விதையை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும், ஐயா. அதற்காகப் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவுவேன். தொழிலில் நான் அவ்வளவு ஜாக்கிரதை. எங்கள் ஓரிக்கை ஊரில் ஆதிகேசவன் கன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

அறுபத்தாறில் அடித்த புயலில் விதைக்கென்று வைத்திருந்த என் தாய்மரங்கள் சாய்ந்துவிட்டன. மிஞ்சியது இன்னும் காய்க்காத ஒரே ஓர் இளமரம். காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் காய்ச்சுகிறவர்களுக்கு விறகு வேண்டும். ஊரெல்லாம் சவுக்கு வைக்கத் துடிக்கிறது. என்னிடம் விதை இல்லை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அடிமரத்தில் கம்பியைச் சுற்றி முறுக்கினேன். சாகப் பயந்த மரம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

அந்த விதையில் பாதி பதர். முளைத்ததிலும் பாதி சோனி. கழுத்தை நெரித்து வாங்கிய காய், பக்கத்தில் துணைக்கு வேறு மரமும் இல்லை. தன் மகரந்தமே தனக்கு. சோனி வளராது என்று பாத்தியிலேயே தெரிந்துவிட்டது. தேறியதை வெளியாருக்குக் கொடுத்தேன். சோனியை என் தங்கை செல்லியம்மாளுக்குக் கொடுத்தேன். வெளியார் வந்து நியாயம் கேட்பார்கள். அவள் கேட்கமாட்டாள்.

புருஷனை இழந்தவள். மகள் அம்சாவின் கல்யாணத்துக்கு அந்தக் கன்றுகளை வைத்த தோப்பைத்தான் நம்பியிருந்தாள். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். வருஷம் திரும்பியும் கன்று முழங்காலைத் தாண்டவில்லை.

"இன்னாண்ணா, கன்னு அப்படியே நின்னுக்கினு இருக்குது. என் கைராசி சரியில்லையா?" என்றாள்.

"தண்ணி பத்தலமா. இன்னும் ஊத்து" என்றேன்.

சித்திரையில் ஊற்று வற்றியது. மறுபடி வந்து நின்றாள். "ஆழமாத் தோண்டுமா" என்றேன். தலையாட்டினாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. பாத்தியில் களை பிடுங்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆள் உயரப் பள்ளம், ஈர மணல். சரிந்து அவளை மூடிவிட்டது. நான் ஓடிப்போனபோது அம்சா இரண்டு கையாலும் மணலை வாரிக்கொண்டிருந்தாள்.

போலீஸ் ரிப்போர்ட்டில் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. அதை மாற்றுங்கள். கன்று மோசம், பிடுங்கிப் போடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்தப் பள்ளத்தில் இறங்கியிருக்கமாட்டாள். அவளைக் கொன்றது நான்தான்.

இன்று காலை அம்சா குடத்தோடு வந்தாள். "மாமா, அம்மா வச்ச கன்னு வாடுது. தண்ணி ஊத்தட்டா?" என்றாள்.

"ஊத்துமா" என்றேன்.

இந்நேரம் அவள் ஆற்றில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருப்பாள். அந்தக் கன்று தேறாது என்று நீங்களே போய் அவளிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. எனக்கு வெட்கமாக இருக்கிறது.