அட்டவணையில் விடுபட்ட கட்டம்

முதலில் ஒரு மன்னிப்பு. பேசத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க, பேசத் தெரியாத நான் ஒலிவாங்கி முன் நிற்கிறேன். தாளில் எழுதி வந்திருக்கிறேன். குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைமை வகிக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் மேகலா அக்கா அவர்களே, தலைமையாசிரியர் ஜெயசெல்வி அம்மா அவர்களே, கணக்கு ஆசிரியர் அருள்ஜோசப் ஐயா அவர்களே, முதல் ஷிப்ட் முடிந்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்த தாய்மார்களே, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பிள்ளைகளை அதட்டி, மூன்றிலும் கொஞ்சத் தெரிந்த ஓசூர்ப் பெற்றோர்களே, வணக்கம்.

சென்ற மாதம், தம்பிக்காக நான் சேர்ந்திருக்கும் நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அட்டவணை வந்தது. நகரின் ஐந்து அரசுப் பள்ளிகள், அவற்றின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. முதல் பள்ளி நூறு சதவீதம், பச்சை நிறம். கடைசிப் பள்ளி எண்பத்தேழு, சிவப்பு நிறம். அந்தக் கடைசிப் பள்ளி இது. அதைப் போட்ட கை யாருடையது? ஆமாம் அண்ணா, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. இந்தக் கைதான்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். படித்தது நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் பதினோரு பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வாரம் கம்பெனி பஸ்ஸில், ஏழாம் வகுப்பு நபீலாவின் தாய் ஷரீஃபுன்னிசா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினார். "ஏம்மா, பத்தாவது பாஸ் ஆனவங்களப் போட்டிருக்க. ஒம்பதாவதுல எத்தினி பேர் இருந்தாங்கன்னு எங்க? லைன்ல கழிச்ச பீஸை நாங்க எழுதலன்னா நீ சும்மா விடுவியா?"

தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. கழித்ததை எழுதாத தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பிள்ளைகள் விஷயத்தில் அந்தக் கட்டத்தையே விட்டுவிட்டேன். கேட்ட அக்காவுக்கு நன்றி.

மறுபடி விசாரித்தேன். நூறு சதவீதப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் தொண்ணூற்றாறு பேர். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எழுபத்தொரு பேர். நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். தேர்வு எழுதியவர்கள் எழுபது பேர். அங்கே குறைந்தது ஏன்? இங்கே கூடியது எப்படி? தேறமாட்டாய் என்று பிற பள்ளிகள் அனுப்பிவைத்த பன்னிரண்டு பேரை இந்தப் பள்ளி சேர்த்துக்கொண்டது. அவர்களில் எட்டுப் பேர் தேறினார்கள். தேறாத நாலு பேரும் இன்னும் மாலை வகுப்புக்கு வருகிறார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரின் மனம் எனக்குத் தெரியாதா? ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்தவள்தானே நான்? கணக்கில் பதினொரு மதிப்பெண் வாங்கியவளை ஏற்றது எந்தப் பள்ளி? இந்தப் பள்ளி. முதல் பெஞ்சில் உட்கார வைத்தது யார்? இந்த அருள்ஜோசப் ஐயா. "கணக்கு வராதுன்னு யாரும்மா சொன்னாங்க? உனக்கு இன்னும் யாரும் சொல்லிக்குடுக்கல, அவ்ளோதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் ஏறித்தான் பர்கூர்ப் பொறியியல் கல்லூரி வரை போனேன். நன்றி ஐயா. ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லாத நன்றி.

கைதட்டாதீர்கள் அக்கா, வரி தவறிவிடும்.

ஆகஸ்ட் முதல் தேதி மாணவர் எண்ணிக்கை பார்ப்பார்கள். பதினோரு பிள்ளைகள் குறைந்தால், உபரி ஆசிரியர் என்று சொல்லி ஐயாவை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

கேட்டிருந்த அனைவருக்கும் நன்றி என்பதோடு என் தாள் முடிகிறது. தாளில் எழுதத் துணியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்தப் பதினோரு விண்ணப்பங்களும் தலைமையாசிரியர் அம்மாவின் மேசையில் இன்னும் கையெழுத்தாகாமல் இருக்கின்றன. என் அட்டவணையை நம்பித்தான் எழுதினீர்கள். திருத்திய அட்டவணையை வாசலில் ஒட்டியிருக்கிறேன். கைகூப்பிக் கேட்கிறேன்: அதைப் படித்துவிட்டு, அந்த விண்ணப்பங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.