இரட்டை மேற்கோள்

எனக்கு வேகமாகத் தட்டச்சு செய்ய வராது, சார். ஆனால் ஒரு புள்ளி, ஒரு காற்புள்ளி தப்பாது. கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில் அந்த இறால் ஆலையில் ஆறு வருஷம் கணினி வேலை பார்த்தேன். ரெஜிஷா எப்படி என்று அங்கே யாரிடமும் கேளுங்கள், நல்லதாகத்தான் சொல்வார்கள்.

இறாலை உறைய வைக்கும் அறைக்கு அமோனியா வாயு குழாயில் வரும். கசிந்தால் சென்சார் கணினிக்குச் சொல்லும், கணினி சைரனை அடிக்கும். சைரன் ஒலி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை ஒரு கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். அதை எழுதியவன் பிரைட்டன். புதிதாக வந்தவன், என்னைவிட எட்டு வயது இளையவன். ஃபோல்டருக்கு ஆங்கிலத்தில் 'நியூ' என்று பெயர் வைத்து, அது இருக்கும் பாதை முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டிருந்தான். பாதையில் ஒவ்வொரு ஃபோல்டர் பெயருக்கு முன்னாலும் ஒரு சாய்கோடு வரும். அந்த மென்பொருளில் இரட்டை மேற்கோளுக்குள் சாய்கோட்டை அடுத்து ஆங்கில 'என்' எழுத்து வந்தால், அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். பாதை அங்கேயே முறிந்துவிடும். கணினி ஒலியைத் தேடும், கிடைக்காது, பேசாமல் இருந்துவிடும். ஒற்றை மேற்கோள் போட்டால் எழுதியதை எழுதியபடியே வாசிக்கும்.

மாதாமாதம் சோதிப்பது சுவரிலுள்ள பொத்தானை அழுத்தித்தான். அது கணினி வழியாகப் போகாது. அதனால் யாருக்கும் தெரியவில்லை. நான் பார்த்தேன். அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அக்கா, யாருட்டயும் சொல்லாண்டாம். இப்பமே மாத்துகேன்" என்றான். மாற்றவும் செய்தான்.

மறுநாள் கூட்டத்தில் மேனேஜர் ஜான்ரோஸ் சார் அவன் தோளில் தட்டினார். "மக்கா, நீ மட்டும் பாக்கல்லேண்ணா என்னவாயிருக்கும்?" பிறகு என்னிடம் திரும்பினார். "ரெஜிஷா, நீ எழுதின ஃபைல்ல இப்பிடித் தப்பு கெடக்கு. இனி அந்தப் பக்கம் போவாண்டாம்."

பிரைட்டன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. அவன் சாப்பிடப் போன நேரத்தில் அவன் கணினியில் உட்கார்ந்து, ஒற்றை மேற்கோளை மறுபடி இரட்டையாக்கினேன். கேமராவில் பார்த்திருப்பீர்கள். நானாக ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை, சார். அவன் எழுதியதை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். சின்னக் கசிவு ஒன்று வரும், சைரன் அடிக்காது, யார் எப்படி என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதற்கு நாலு மாதம் பொறுத்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வாசம் வந்தது. இறால் உரிக்கும் அறையைத் தாண்டி நடந்தேன். அங்கே எப்போதும் லேசாக அமோனியா வாசம் இருக்கும், பெண்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஆனாலும் ராகேல் அக்கா எட்டிப் பார்த்தார். மத்தியானம் சாப்பாட்டில் பாதி எனக்கு எடுத்துவைக்கிறவர்.

"மக்களே, இண்ணைக்கு மூக்கு எரியுதே. வெளிய போணுமா?"

"சைரன் அடிக்கல்லியே அக்கா" என்றேன்.

அது உண்மைதான். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

காற்று கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. நான் கடல் பக்கம் போய் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எத்தனை நிமிஷம் சைரன் ஒலிக்கவில்லை என்று பிறகு சரியாகச் சொல்ல வேண்டுமே. பதினோராவது நிமிஷத்தில் குழாய் வெடித்தது. ராகேல் அக்காவோடு சேர்த்து மூன்று பேர் செத்துப்போனார்கள். பிரைட்டன் உள்ளே ஓடி மற்றவர்களை இழுத்து வெளியே கொண்டுவந்தான். அவனுக்கு இனிக் கண் தெரியாது என்கிறார்கள்.

நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கொடுத்திருந்தால் எல்லாரும் வெளியே வந்திருப்பார்கள், சார். சைரன் அடிக்கவில்லை என்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.