டீச்சரை எப்படிக் கூப்பிடுவது

செவ்வாய்க்கிழமை முருகனைக் கும்பிட்டுவிட்டு டெல்லி மந்திர் மார்க்கில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு தமிழ்த் தம்பதி, மகளை ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அந்தச் சின்ன ஸ்கூல்ல டீச்சரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம்ங்க.”

“ஐயோ! நம்ம பொண்ணு கூப்பிட்டாளா?”

“நேத்து ஒரு நாள் உட்கார வச்சுப் பார்த்தாங்கல்ல, பேரோட அக்கான்னு சேர்த்துக்கிட்டா. சாயங்காலம் நான் கூட்டிட்டு வரப் போனா, கிளாஸ்ல பன்னெண்டு ஹிந்திப் புள்ளைங்களும் டீச்சரை அக்கா அக்காங்குது!”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப சர்க்கார் ஸ்கூலுக்கே போகட்டும்.”

“அங்க கிளாஸுக்கு அம்பது பேருங்க. கூட்டத்துல காணாமப் போயிடுவா.”

“யாரு, இவளா? பத்து நாள் பொறு. அம்பதும் அக்காங்கும்!”

அந்த அம்மா சிரித்துவிட்டார். அப்படியே ஆகட்டும் முருகா என்று நானும் வேண்டிக்கொண்டேன்.