பாக்கு அடுப்பிலிருந்து மூன்று குரல்

இரவு மணி இரண்டரை. சிர்சியிலிருந்து காட்டுக்குள் இறங்கும் செம்மண் சாலை. அதில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்... ஓட்டி வந்தவன் சுப்ராய ஹெக்டே. என் நண்பர் கஜானனரின் தங்கை கணவன். அவனை ‘அவர்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் கையை நிறுத்தாமல் பாக்கை உரியுங்கள், உங்கள் பள்ளிக்கூட மேஷ்ட்ரு நான் சொல்கிறேன்.

முதலில் அவனுடைய பெருமை. அறுவடைக் காலத்தில் பாக்கு வேகும் அடுப்பு இரவெல்லாம் எரிய வேண்டுமல்லவா? அவனுக்குத் தோட்டத்தின் அடியில் அடுப்பு; மேட்டின் மேல் வீடு. ‘அடுப்பைப் பார்க்கப் போகிறேன்’ என்று மனைவியிடம் இரண்டு பருவம் சொல்லிவிட்டு, விறகைக் கூலியாள் பீராவிடம் தள்ளிவிட்டு, சிர்சியில் ஒருத்தி வீட்டில் விடிய விடியக் கிடந்தான். விஷயம் வெளிப்பட்டதும் அழுதான். நன்றாக அழுவான். அந்த ஒரு வேலையில் குறை சொல்ல முடியாது.

அவன் மனைவி நாகவேணி பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. குடும்பத்தைத் தைத்து ஒட்டிவிட முடியும் என்று நம்பினாள். அவள் கேட்டவை இரண்டே.

“ராத்திரி முழிப்பு வந்தா நெஞ்சை அடைக்குது. நீங்க அடுப்புலதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும். விறகு போடும்போதெல்லாம் மூணு தடவை கூவுங்க. நான் ஒரு தடவை பதில் கொடுக்கறேன். அப்புறம், நான் எதைக் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், நீங்க பதில் சொல்லணும்.”

ஏன் மூன்று முறை? இருட்டில் ஒரே முறை கூப்பிடுவது பேய்தான் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

பதினோரு இரவுகள் கூவினான். கேள்விகளுக்கு மட்டும், ‘தலை வலிக்கிறது’ என்று குப்புறப் படுத்துக்கொண்டான். பன்னிரண்டாம் நாள் தேநீர்க் கடையில் புலம்பினான்.

“தொண்டை கட்டிப் போச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு? நான் என்ன நரியா?”

“நரியை ஏன் கேவலப்படுத்தறீங்க, ஹெக்டேரே?” என்றான் கடைக்காரன்.

அன்று மாலையே பீராவைப் பிடித்தான். பீரா யக்ஷகானக் கூத்தில் கோமாளி வேஷம் கட்டுகிறவன். யார் குரலும் அவனுக்கு வரும்.

“என் குரல்ல நீ கூவுடா. அவளும் நிம்மதியாத் தூங்குவா.”

மனைவியின் உறக்கத்தின்மேல் எவ்வளவு அக்கறை, பாருங்கள்.

அன்று இரவே மறுபடியும் சிர்சிக்குப் போனான்; திரும்பிய நேரம்தான் அந்த இரண்டரை மணி. தோட்டத்து வளைவில் வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். தவளைச் சத்தம்... பிறகு அதுவும் நின்றது. கீழே அடுப்பின் பக்கமிருந்து,

“ஓ... ஓ... ஓ...”

அவனுடைய குரலேதான். இறுதியில் வரும் கரகரப்பு உட்பட. மேலே வீட்டிலிருந்து நாகவேணியின் பதில், ஒரு முறை. ‘கெட்டிக்காரன் பீரா’ என்று சிரித்துக்கொண்டு கீழே இறங்கினான்.

அடுப்பு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. பாக்குச் சாயத்தின் துவர்ப்பு வாடை. செப்பு அண்டாவுக்குள் துடுப்பு சுழன்றுகொண்டிருந்தது... மெதுவாக... ஆள் இல்லை. பீராவின் பாய் சுருட்டியபடியே மூலையில் சாய்ந்திருந்தது. மனைவிக்குப் பிரசவ வலி என்று அவன் அந்தி சாயும்போதே ஓடையைத் தாண்டிப் போய்விட்டான். அது மறுநாள்தான் தெரிந்தது.

சாம்பலில் காலடிகள். அடுப்பிலிருந்து வீட்டை நோக்கி ஏறின. சுப்ராயன் ஒன்றின்மேல் தன் காலை வைத்தான். விரலுக்கு விரல் பொருந்தியது.

“ஐயோ, மேஷ்ட்ரே, போதும்,” என்கிறாள் நம் சரோஜினி. அவள் கை மட்டும் நிற்கவில்லை. கேளுங்கள்.

மேட்டின்மேல் ஏறினான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு. உள்ளே இரண்டு குரல்கள்.

“அவ வீட்டு வாசல் எந்தப் பக்கம்?”

“கிழக்கு.”

“முதல் நாள் என்ன சாப்பிட்டீங்க?”

“தோசை. நீ கட்டிக் கொடுத்த சோத்தை நாய்க்குப் போட்டேன்.”

பதில் சொன்னது அவன் குரல். அவசரமில்லாமல், சலிப்பில்லாமல். அவன் எவரிடமும் சொல்லாதவற்றைச் சொன்னது.

கதவைத் தட்டினான்.

“யாரு?”

“நான்தான். திற.”

உள்ளிருந்து அவன் குரலே, மிக மென்மையாக,

“மூணு தடவை கூவச் சொல்லு.”

ஒரு முறை கூவினான். இரண்டாம் முறை வெறும் காற்று வந்தது. மூன்றாம் முறை உதடு மட்டும் அசைந்தது.

“ஒண்ணுதான் கேட்டுது,” என்றாள் நாகவேணி. தாழ்ப்பாள் இறுகும் ஓசை.

அப்புறம் என்ன? வைத்தியர் தொண்டையைப் பார்த்தார், பழுதில்லை என்றார். பேச்சுதான் திரும்பவில்லை. இப்போது அடுப்படியிலேயே படுக்கிறான், விறகு தள்ளுகிறான். சொன்ன இடத்தில் இரவு முழுவதும் இருப்பது அவன் வாழ்நாளில் இதுவே முதல் முறை.

சங்கராந்திக்குக் கஜானனர் தங்கையைப் பார்க்கப் போனார். உள்ளறையின் கதவு ஒருக்களித்திருந்தது. தண்ணீர் சொட்டக் கழுவிய தட்டுகள் இரண்டு.

“வேணி... உள்ளே இருக்கறது யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணா.”

“பயமா இல்லையா?”

“அவரோட இருந்தப்போதான் பயந்தேன். இங்கே கேட்டா பதில் வருது. எத்தனை தடவை கேட்டாலும் வருது. இன்னும் எத்தனை நாளைக்குன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.” பிறகு சொன்னாளாம்: “மூணு வாரமாத் தூங்கறேன்ணா.”

அவர் எழுந்தார். படியில் கால் வைத்தபோது உள்ளறையிலிருந்து மைத்துனனின் குரல் வந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை இரவு கஜானனர் எங்கே இருந்தார் என்பதை, தெருப் பெயரோடு, அது நிதானமாகச் சொன்னது.

கஜானனர் இப்போது இருட்டுமுன் வீடு திரும்பிவிடுகிறார். எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.

என்ன இது... கையை நிறுத்தாதீர்கள் என்றேனே. ஆண்கள் பக்கம் மட்டும் ஏன் பாக்கு உரிக்கும் சத்தமே இல்லை?