எழுவாய் இல்லாத ஒரு வரி

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் செயலாளரின் துணைவியாரே, சனிக்கிழமை தவறாமல் இந்த அரங்கின் மடக்கு நாற்காலிகளை நிறைத்த நண்பர்களே! வணக்கம்.

நம் திரைப்படச் சங்கச் செயலாளர், முன்னாள் ராணுவ வயர்லெஸ்காரர், நம் எல்லோருக்கும் 'நிஜமா சார்', இன்று இல்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது? கௌபாய் படமோ யுத்தப் படமோ முடிந்து விளக்கு எரிந்ததும், "இதெல்லாம் நிஜமா சார்?" என்று ஒரு குரல் கேட்கும். அவர் எழுந்து நிற்பார். திரையில் ஷெரீஃப் ஒற்றை ஆளாக ஏழு பேரைச் சுட்டு வீழ்த்தியிருப்பார். இவர் சொல்வார்: "சண்டை நடந்தது நிஜம். செத்தது ஒரு கழுதை. அந்த ஏழு பேரையும் கதாசிரியரே பெத்து, அவரே கொன்னுட்டாரு."

எத்தனை புத்தகம் புரட்டினார்! எத்தனை பழைய செய்தித்தாள்களைத் தூசி தட்டினார்! எந்தப் படமும் அவரிடமிருந்து தப்பியதில்லை. ஒன்றைத் தவிர. அது அவரைப் பற்றிய படம்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். எதிரிகள் சூழ்ந்த மாவு மில். உள்ளே பதினொரு பேர். வயர்லெஸ்காரர் துப்பாக்கியோடு தனியே வெளியே பாய்ந்து மற்ற பத்துப் பேரையும் மீட்கிறார்.

நடந்தது வேறு. நான்கு நாள் அந்த மில்லுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். தண்ணீர் தீர்ந்தது. முற்றத்துக் கிணற்றுக்குப் போனவர் அந்தப் பதினொரு பேரில் ஒருவரான லாரி டிரைவர். அவர் கையில் இருந்தது வாளி. முதல் வாளி உள்ளே வந்தது. இரண்டாவதற்குப் போனவர் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் எதிரிகள் தாமாகவே விலகிப் போனார்கள்.

அப்படியானால் படத்துக்குள் அந்தப் பொய் எப்படி நுழைந்தது? நண்பர்களே, நுழைத்தவன் நான்.

நம் சங்க மலருக்கு அவர் எழுதிய கட்டுரையைப் பிழைதிருத்தியவன் நான். கடைசி வரி, "வெளியே போனதால்தான் பிழைத்தோம்" என்றிருந்தது. முப்பது ஆண்டு தமிழ் நடத்தியவன் கண்ணுக்கு உறுத்தாதா? 'வந்தேன்' என்றால் 'நான்' ஒளிந்திருப்பது தெரியும். 'போனதால்' என்றால் யார் போனது? சிவப்பு மையால் 'நான்' என்று சேர்த்தேன். மலர் அச்சாகி வந்த அன்றே என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"ஏன் வாத்தியாரே சேத்தீங்க?"

"வரியில எழுவாய் இல்லையே சார்."

"எழுவாய் செத்துப்போயிட்டாரு வாத்தியாரே. பேரை எழுதக் கை வரல. அதான் விட்டிருந்தேன்."

அடுத்த மலரில் திருத்திவிடலாம் என்றேன். என் பிழை ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் படக்காரர்கள் மலரைப் படித்துவிட்டுப் படமெடுக்கக் கிளம்பிவிட்டார்கள். அவர் மறுத்துக் கடிதம் எழுதினார். அவருடைய தன்னடக்கத்தைப் பாராட்டிப் பதில் வந்தது!

இதே மேடையில் ஒருமுறை, "நான் போகல, உள்ளதான் உக்காந்திருந்தேன்" என்றார். கைதட்டல்! சலூன்காரர் எழுந்து, "பெரிய மனுஷங்க இப்படித்தான் சொல்லுவாங்க!" என்றார். மறுக்க மறுக்க மாலை விழுந்தது. ஐந்தாம் நாளே மில்லைவிட்டு வெளியே வந்தவரால், அந்தப் படத்தைவிட்டு இருபது ஆண்டாக வெளியே வர முடியவில்லை. நானும் கூட்டத்தில்தான் இருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவில்லை!

'தனியே சென்று பத்து உயிர் காத்தவர்' என்று அவர் உருவப்படத்தின் கீழ் பொறிக்க முடிவாகியிருக்கிறது. அதைத் தெரிவிக்கப் போனபோது அவர் துணைவியார் என்னிடம் சொன்னார்: "அண்ணே, செத்த பிறகாவது அவரை வெளிய விடுங்க."

தலைவர் அவர்களே, அந்த வரி வேண்டாம். அவர் தொடங்கிய பணியை விடமாட்டோம். அந்தப் படத்தை இனியும் திரையிடுவோம். ஒவ்வொரு முறையும் போனவர் யார், கையில் என்ன இருந்தது, வரியைக் கெடுத்தவன் யார் என்று நான் எழுந்து சொல்வேன். எனக்குப் பிறகு உங்களில் ஒருவர் சொல்ல வேண்டும்.

இப்போது எழுந்து நிற்போம். முதலில் அந்த டிரைவருக்கு ஒரு நிமிடம். பிறகு இவருக்கு. வரிசை மாறினால் இவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.