குதிக்காலைப் பிடித்தவன்

"படடா! படு!"

முகம் மண்ணில். மேலே ஹெலிகொப்டர். டட டட டட. நிற்கிறது. மறுபடியும் டட டட. வியாழக்கிழமை. காலை ஒன்பது பத்து. தோட்டத்து வாய்க்காலுக்குள் ஊர்கிறோம். முன்னால் என் சொந்த அண்ணை மரியதாஸ். பின்னால் நான். புழுதியில் ஒன்றும் தெரியவில்லை.

"சந்தியாகு, என்ரை குதிக்காலைப் பிடி! விட்டிடாதை!"

பிடிக்கிறேன். பித்தவெடிப்பு விழுந்த குதிக்கால். உள்ளங்கையில் உறுத்துகிறது.

ஷெல் கூவிக்கொண்டு வந்தது. பக்கத்து வெங்காயப் பாத்தியில் விழுந்தது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினேன்.

"பிடியடா! சந்தியாகு!"

கேட்டது. பொத்தியும் கேட்டது. நான் திரும்பி, வந்த வழியே ஊர்ந்தேன். அடுத்த ஷெல் அண்ணையின் பக்கம் விழுந்தது.

கடைசிவரை பிடித்திருந்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

1986. டென்மார்க். ஸ்கீவ நகரம். அகதிகளுக்கான மொழி வகுப்பு. பெயர் சொல்லிப் பழகும் பாடம். என் பெயரைச் சொன்னேன். குதிரையில் வாளோடு இருக்கும் புனிதரின் பெயர். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.

ஆசிரியர் ஈப் கரும்பலகையில் அதைப் பிரித்து எழுதினார். சாந்த் இயாகோ. போர்த்துக்கேயர் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்த பெயராம். வேரில் அது யாக்கோபு. எபிரேயம். டேனிஷ்காரர் வாயில் தேய்ந்து தேய்ந்து அதுவே ஈப் ஆனதாம். நாங்கள் இருவரும் ஒரே பெயர்க்காரர் என்று கைகொடுத்தார். பெயரின் பொருளையும் மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். யாக்கோபு தன் அண்ணனின் குதிக்காலைப் பிடித்தபடி பிறந்தவன். விளங்காதவர்களுக்காகத் தன் சப்பாத்துக் காலைத் தூக்கிப் பிடித்தும் காட்டினார்.

"அப்ப டென்மார்க் வர ஆரின்ரை காலைப் பிடிச்சனி?" பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு தமிழ்ப் பெடியன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சட்டைப் பையில் அம்மாவின் கடிதம் இருந்தது. 'அன்புள்ள மகன் சந்தியாகுவுக்கு' என்றுதான் எப்போதும் தொடங்குவார். 'அவன் தனியச் சாகேல்லை. நீ பிடிச்சிருந்தனி. அதொண்டுதான் ஆறுதல்.'

அன்று பின்னேரம் எழுதினேன். 'அம்மா, நான் விட்டிட்டன். அண்ணை கூப்பிட்டவர். எனக்குக் கேட்டது.' தபாலில் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'மகனுக்கு' என்று தொடங்கியது. அதற்குப் பிறகு வந்தவையும் அப்படியே.

இழந்தவை: அண்ணை மரியதாஸ், வயது இருபத்தாறு. அவருடைய செருப்புகள். கிண்டி எடுக்காத வெங்காயம், நாலு பரப்புக் காணி நிறைய. அம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதல். அம்மாவின் கடிதங்களில் என் பெயர்.