இஞ்சினை அணைக்கும் இறக்கம்

சாந்த்ராகாச்சியிலிருந்து வரும், கரண்டில் ஓடும் பஸ் ஹூக்ளி பாலத்தின் உச்சியைத் தாண்டியதும், முன் சீட்டு அம்மாள் பக்கத்திலிருந்த தன் தம்பியிடம் தமிழில் சொன்னாள்: "இங்கதான்டா அப்பா இஞ்சினை ஆஃப் பண்ணுவார்."

நரைத்த தம்பி சிரித்தார். "பெட்ரோல் மிச்சமாகும்னு கீழ வரைக்கும் அம்பாசிடரைச் சும்மாவே உருளவிடுவார்."

"அந்த இரைச்சல் அடங்கினாத்தான் மனுஷன் வாயே திறப்பார். 'அந்தப் பெங்காலிப் பையனையே கட்டிக்கோ'ன்னு என்கிட்ட சொன்னது இந்த இறக்கத்துலதான்."

"'ஃபெயிலானா என்னடா இப்போ'ன்னு என்கிட்ட சொன்னதும் இங்கதான். கீழ வந்து இஞ்சினைப் போட்டுட்டா அப்புறம் ஒரு வார்த்தை வராது."

பஸ் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"இந்த பஸ்ல அவரை ஏத்தியிருந்தா," என்றாள் அக்கா, "வீடு வரைக்கும் பேசிக்கிட்டே வந்திருப்பார்."